சிவப்பு ஸ்வெட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

கேள்வி: எங்கள் மகள் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறாள். நவம்பர் இறுதியில் நானும் என் மனைவியும் அவளைப் பார்க்க ஆன் ஆர்பர் நகருக்குச் செல்கிறோம். அந்த வாரம் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துடன் அங்கே நடக்கும் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்கு எங்களுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறாள். விலையைக் கேட்டதிலிருந்து என் மனைவி அதை விற்றுவிடச் சொல்கிறார். அதோடு, பயணத்துக்காக அவர் வாங்கிய சிவப்பு ஸ்வெட்டரை வீடியோ காலில் பார்த்த மகள், "அன்றைக்கு மட்டும் அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள்" என்கிறாள். கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? விதிகளே தெரியாத நாங்கள் அங்கே போய் என்ன செய்வது?
– கோயம்புத்தூர் வாசகர் ஒருவர்

பதில்: டிக்கெட்டை விற்க வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பார்க்கக் கிடைக்கும் திருவிழாக்களில் இதைவிடப் பெரியதை நீங்கள் காண்பது அரிது. ஸ்வெட்டர் விஷயத்தில் மகள் சொல்வதே சரி. ஓஹியோ ஸ்டேட்டின் நிறங்கள் சிவப்பும் சாம்பலும்; மிச்சிகனின் நிறங்கள் மக்காச்சோள மஞ்சளும் நீலமும். சிவப்பு உடுத்திச் சென்றால் யாரும் அடிக்க வரப்போவதில்லை என்றாலும், மஞ்சளும் நீலமுமாக நிறைந்திருக்கும் கூட்டத்தின் நடுவே எதிரணியின் ஆதரவாளராக உட்கார்ந்திருப்பீர்கள், உங்கள் மகள் நெளிந்துகொண்டிருப்பாள். கருநீலத்தில் ஒரு குல்லாய் வாங்கிக்கொண்டால் போதும்.

இந்த நிறப் பற்று ஆட்டத்தோடு கூடவே பிறந்தது. 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகளின் மாணவர்கள் மோதியதுதான் முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டமாகக் கருதப்படுகிறது. அணிக்கு 25 பேர். ரட்கர்ஸ் 6-4 என்ற கணக்கில் வென்றது. அன்று சீருடை என்று எதுவும் இல்லாததால், தம்மவரை அடையாளம் காண ரட்கர்ஸ் மாணவர்கள் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்கள் என்பர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது என்பது அன்றைய விதி. கையால் ஆடும் ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று ஏன் பெயர் என்ற ஐயம் உங்களுக்கு எழுந்திருந்தால் விடை இதுதான்: உதைக்கும் ஆட்டமாகத் தொடங்கியது, 1874-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி ஹார்வர்டுக்கு வந்து ரக்பி முறையில் ஆடிக்காட்டிய பிறகு பந்து கைக்கு ஏறியது, பெயர் மட்டும் காலிலேயே நின்றுவிட்டது.

விதிகளைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் ஆட்டத்தையும் பின்தொடர முடியும். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் 'டவுன்' என்று பெயர். அந்த நான்கிற்குள் பத்து யார்டு முன்னேறிவிட்டால் புதிதாக நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நான்கே பந்துகள் கொண்ட ஓவர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அதற்குள் குறித்த இலக்கை எட்டினால் மறு ஓவரும் உங்களுடையது. மூன்றாவது வாய்ப்பிலும் இலக்கு எட்டவில்லை என்றால், நான்காவதில் பெரும்பாலும் பந்தை எதிரணியின் எல்லையை நோக்கித் தொலைவாக உதைத்துவிடுவார்கள். எப்படியும் கொடுக்கப்போகிற பந்தைத் தூரத்தில் கொடுப்பது நல்லதல்லவா? எதிரணி முனையில் உள்ள எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்த்தால் அது டச்டவுன், ஆறு புள்ளிகள். அதன்பின் அந்த முனையில் நிற்கும் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கூடுதலாக ஒன்று. அவ்வளவு தூரம் போக முடியாமல் வழியிலேயே நின்று கம்பங்களுக்கு இடையே உதைத்து அனுப்பினால் மூன்று.

தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு அந்தப் பத்து யார்டு இலக்கை மஞ்சள் கோடு ஒன்று காட்டிக்கொடுக்கும். அது திரையில் மட்டும் வரையப்படும் கோடு, மைதானத்தில் இருக்காது. அதற்குப் பதில் ஓரத்தில் இருவர் ஆளுக்கொரு கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டு கம்புகளையும் சரியாகப் பத்து யார்டு நீளமுள்ள சங்கிலி இணைத்திருக்கும். சந்தேகம் வந்தால் அந்தச் சங்கிலியையே மைதானத்துக்குள் தூக்கிவந்து தரையில் இழுத்து வைத்து அளப்பதுதான் பல்லாண்டு வழக்கம். கோடிக்கணக்கான டாலர் புரளும் ஓர் ஆட்டத்தில் நிலம் அளப்பதைப் போலச் சங்கிலி பிடிப்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

இந்த விதிகள் எல்லாமே யாரோ ஒருவர் செய்த அட்டகாசத்துக்குப் பதிலாக வந்தவை. யேல் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கேம்ப் 1880-இல் அணிக்கு 11 பேர் என்ற விதியையும், பந்தை ஓர் அணியிடம் முழுமையாக ஒப்படைத்து ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கும் முறையையும் கொண்டுவந்தார். அதில் இருந்த ஓட்டையை மறு ஆண்டே கண்டுபிடித்துவிட்டார்கள்: 1881-இல் யேலும் பிரின்ஸ்டனும் ஆளுக்கொரு பாதி நேரம் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகராமலே ஆடி, 0-0 என்று முடித்தன. பார்க்க வந்தவர்கள் வெறுத்துப்போனார்கள். எனவேதான் 1882-இல், மூன்று வாய்ப்புக்குள் ஐந்து யார்டு முன்னேற வேண்டும் என்று கேம்ப் நிபந்தனை விதித்தார். அதன்பின் ஆப்பு வடிவில் கைகோத்துக்கொண்டு எதிராளிகள் மீது பாயும் வியூகங்கள் வந்து, எலும்பு முறிவும் உயிரிழப்பும் வாடிக்கையாயின. 1905-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்றின் பிரதிநிதிகளையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும் அளவுக்கு நிலைமை முற்றியது. மறு ஆண்டே பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது. ஆட்டம் நெரிசலிலிருந்து விடுபட்டு மைதானம் முழுதும் பரவியது. இலக்கு பத்து யார்டானதும் அந்த ஆண்டில்தான். வாய்ப்புகள் நான்கானதும் டச்டவுனுக்கு ஆறு புள்ளி என்று ஆனதும் 1912-இல். இன்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பும் அந்த நெருக்கடியின் குழந்தையே.

இனி, ஓஹியோ ஸ்டேட்டுடன் மட்டும் ஏன் இப்படி? இரு மாநிலங்களும் ஃபுட்பாலுக்கு முன்பே சண்டையிட்டவை. 1835-இல் டொலிடோ நகரை ஒட்டிய நிலப்பட்டை யாருக்கு என்பதில் இரு தரப்பும் படை திரட்டி எல்லையில் நின்றன. முடிவில் டொலிடோ ஓஹியோவுக்குப் போயிற்று. மிச்சிகனுக்கு வடக்கே மேல் தீபகற்பத்தைக் கொடுத்து 1837-இல் மாநிலமாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஃபுட்பாலில் முதல் மோதல் 1897-இல். மிச்சிகன் 34-0 என வென்றது. 1918 முதல், கொரோனா காலமான 2020 தவிர, ஒவ்வோர் ஆண்டும் ஆடி வருகிறார்கள். ஓஹியோ ஸ்டேட்டின் முன்னாள் பயிற்சியாளர் வுடி ஹேஸ் மிச்சிகன் என்ற பெயரைச் சொல்லாமல் 'வடக்கே இருக்கும் அந்த அணி' என்றே குறிப்பிடுவார். அவரிடம் உதவியாளராக இருந்த போ ஷெம்பெக்லர் 1969-இல் மிச்சிகனுக்குப் பயிற்சியாளராகி, முதல் ஆண்டிலேயே, அதுவரை தோல்வி காணாத குருவின் அணியை 24-12 என வீழ்த்தினார். அடுத்து வந்த ஆண்டுகளையும் சேர்த்து 1978 வரையிலான காலத்தைப் பத்தாண்டுப் போர் என்றே அழைக்கிறார்கள். இன்றும் ஆட்ட வாரத்தில் ஓஹியோ ஸ்டேட் வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் மிச்சிகனின் முதலெழுத்தான 'எம்' தென்படும் இடமெல்லாம் அதன்மேல் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள்.

மாணவர் ஆட்டம் என்று நீங்கள் எழுதியதில் மட்டும் ஒரு திருத்தம். நீண்ட காலம் உதவித்தொகை தவிர வேறு ஊதியம் இன்றி ஆடியவர்கள், 2021 முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தருகின்றன. பழைய ரசிகர்கள் பலருக்கு இதில் வருத்தம் உண்டு. பயிற்சியாளர்கள் பெருந்தொகை வாங்கிய காலம் முழுதும் ஆடுபவர் வெறுங்கையோடு நின்றதுதான் என் வருத்தம்.

அன்றைய நாளுக்கான ஏற்பாடுகள்: 'தாங்க்ஸ்கிவிங்' எனப்படும் நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை அது; ஆட்டம் வழக்கமாக நண்பகலில் தொடங்கும். காலையிலேயே மைதானத்துக்கு எதிரே உள்ள கோல்ஃப் திடலுக்குச் சென்றுவிடுங்கள். கார்களின் பின்கதவைத் திறந்துவைத்து அடுப்பு மூட்டி, சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். 'டெயில்கேட்' எனப்படும் அந்த விருந்தில் முன்பின் தெரியாதவரையும் கூப்பிட்டுத் தட்டைக் கையில் கொடுக்கிறவர்கள் உண்டு. இறைச்சிதான் மிகுதி என்பதால், சைவம் என்றால் வீட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே இருக்கையில் இருக்க வேண்டும். இதில் தளர்வு வேண்டாம். டிக்கெட் விலையில் பாதி அந்த அரை மணி நேரத்துக்குத்தான். பல்கலைக்கழக வாத்தியக் குழு அணிவகுத்து வரும். குழுத் தலைவர் பின்புறமாக வளைந்து தொப்பி தரையில் படும்படி வணங்குவார். பின்னர் வீரர்கள் ஓடிவந்து, நடுத்திடலில் பிடித்திருக்கும் நீலப் பதாகையை ஒவ்வொருவராக எம்பித் தொட்டுச் செல்வார்கள். 1898-இல் லூயி எல்பெல் என்ற மாணவர் இயற்றிய வெற்றிப் பாடல் ஒலிக்கும்போது 'ஹெயில்' என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் முஷ்டியை உயர்த்துங்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கத்துவதற்கு மட்டும் ஒரு முறை உண்டு: எதிரணியிடம் பந்து இருக்கும்போது, குறிப்பாக அவர்களுடைய மூன்றாவது டவுனில், தொண்டை கிழியக் கத்தலாம்; மிச்சிகனிடம் பந்து இருக்கும்போது வாய் திறக்கக்கூடாது, தம் வீரர்களுக்குக் கட்டளை கேட்காமல் போய்விடும்.

1927-இல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தில் 107,601 பேர் அமரலாம். அமெரிக்காவிலேயே பெரியது அதுதான். கூரை கிடையாது, பெரும்பாலும் சாய்மானம் இல்லாத பெஞ்சுகள். வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இருக்கக்கூடும், பனியும் பெய்யலாம். 1950-இல் ஓஹியோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸ் நகரில் பனிப்புயலுக்கு நடுவே நடந்த ஆட்டத்தில், ஒரு முறைகூடப் பத்து யார்டு இலக்கை எட்டாமலே மிச்சிகன் 9-3 என வென்ற கதையை உங்கள் அருகில் இருப்பவர் நிச்சயம் சொல்வார். உள்ளே ஒன்று, நடுவே கம்பளி, மேலே காற்றுப் புகாத கோட்டு என மூன்று அடுக்காக உடுத்துங்கள். தடித்த காலுறை அவசியம். கைப்பையைக் கொண்டுபோகாதீர்கள், வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். டிக்கெட் கைப்பேசியில்தான் இருக்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால் கைப்பேசியைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றடுக்கில் நடுவே போடும் கம்பளிக்கு உங்கள் மனைவியின் சிவப்பு ஸ்வெட்டரே போதும் என்று தோன்றலாம். கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிடுவதாக இருந்தால், மகளிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.