அய்-அய் லெமூர்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சார், படத்தில் பார்த்தால் அணிலும் வௌவாலும் கலந்த மாதிரி இருக்கிறது. இது நிஜமாகவே லெமூர்தானா?

லெமூர்தான், குரங்குகளுக்குத் தூரத்துச் சொந்தம். மற்ற லெமூர்களிடமிருந்து முதலில் பிரிந்துபோன கிளை. அந்தக் குடும்பத்தில் இன்று மிச்சமிருப்பது இது ஒன்றே. மடகாஸ்கர் தவிர வேறெங்கும் காட்டில் கிடையாது. எடை சுமார் இரண்டரை கிலோ, வாலோடு அளந்தால் ஏறக்குறைய மூன்றடி. இரவில் நடமாடும் பிரைமேட்டுகளில் (குரங்கு, லெமூர், மனிதன் எல்லாம் அடங்கிய வரிசை) இதுவே பெரியது. அணில் என்று உங்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. 1788-ல் ஜெர்மன் இயற்கையாளர் க்மெலின் இதை அணில் பேரினத்தில்தான் வைத்தார். அவருக்கு முன்பே இதை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர் பிரெஞ்சு இயற்கையாளர் பியர் சொன்னரா. நம் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயர் அவர் நினைவாக வைத்ததே.

கேள்வி: அந்த நடுவிரல் ஏன் குச்சி மாதிரி இருக்கிறது?

அதன் பிழைப்பே அந்த விரலில்தான். மடகாஸ்கரில் மரங்கொத்திகள் இல்லை. உளுத்த மரத்துக்குள் இருக்கும் புழுக்களை அங்கே எடுப்பது இந்த விலங்குதான்.

கிளையின் மேல் மூக்கைத் தாழ்த்தி, பெரிய காதுகளை முன்பக்கம் திருப்பிக்கொண்டு மெல்ல நகரும். நடுவிரலால் பட்டையைத் தட்டும். வேகமாகத் தட்டும்போது விநாடிக்கு எட்டு முறை வரை. உள்ளே புழு குடைந்த பொந்து இருந்தால் ஓசை மாறும். ஓசை மாறிய இடத்தில் வெட்டுப்பற்களால் பட்டையைப் பிய்த்து மரத்தைக் குடையும். பிறகு அதே விரலை உள்ளே விட்டு, நுனி நகத்தால் புழுவைக் கொக்கி போட்டு இழுக்கும். அந்த விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் நம் தோளில் இருப்பது போன்ற பந்துக்கிண்ண மூட்டு இருப்பதால் எந்தப் பக்கமும் வளையும். அவ்வளவு மெல்லிய விரலில் உடல் வெப்பம் வீணாகும் என்பதால், வேலை இல்லாதபோது அது மற்ற விரல்களைவிடக் குளிர்ந்தே இருக்கும். தட்டத் தொடங்கினால் அதன் வெப்பம் 6 டிகிரி செல்சியஸ் வரை கூடும்.

'ராமி' மரத்துக் கொட்டையிலும் இதே உத்திதான்: ஓட்டில் துளை போட்டு, பருப்பை விரலால் வழித்துத் தின்னும்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். இந்த மாதிரி ஒன்றை வீட்டில் வளர்க்க முடியுமா?

முடியாது தம்பி, ஆசைப்படவும் வேண்டாம். அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் எல்லா லெமூர்களும் இருப்பதால், நாடு விட்டு நாடு வணிகத்துக்காக வாங்குவது, விற்பது தடை. அனுமதி பெற்ற உயிரியல் பூங்காக்களே இதை வைத்துக்கொள்ளத் திணறுகின்றன. வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத் தேய்க்கக் கெட்டியான மரமும் ஓடுள்ள கொட்டையும் கொடுக்காவிட்டால் பல் நீண்டு தீனியே எடுக்க முடியாமல் போகும். மரக்கூண்டு என்றால் அதையே குடைந்து வெளியே வந்துவிடும்.

கேள்வி: பார்த்தாலே சாவு வரும் என்று அங்கே அடித்துக் கொல்கிறார்களாமே?

சில ஊர்களில் அப்படித்தான். 'ஃபாடி' என்று அவர்கள் சொல்லும் விலக்கு நம்பிக்கை ஊருக்கு ஊர் வேறுபடும். சில இடங்களில் அதே நம்பிக்கையால் தொடாமல் விட்டுவிடவும் செய்கிறார்கள். கொன்ற இடங்களில் உடலைச் சாலையோரம் தொங்கவிடுவதும் உண்டு, கேடு வழிப்போக்கரோடு போய்விடும் என்று. இதன் தூரத்துச் சொந்தமான நம் தேவாங்கும் மூடநம்பிக்கையால் பட்டபாடு கொஞ்சமல்ல. அதற்குக் கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூர்ச் சரணாலயம் வரவே 2022 ஆகிவிட்டது.

ஆனால் பயத்தை மட்டும் குற்றம் சொன்னால் பாதி உண்மைதான். காட்டை வெட்டி எரித்து நெல் விதைக்கும் 'தாவி' முறையில் ராமி மரங்கள் போகின்றன. பசித்த விலங்கு தென்னைக்கும் கரும்புக்கும் வருகிறது, தோட்டக்காரர் அடிக்கிறார். இழப்பை ஈடுகட்டுவதும் தப்பியிருக்கும் ராமி மரங்களை வெட்டாமல் காப்பதும் பிரச்சாரத்தைவிட முக்கியம் என்பது என் கருத்து.

கேள்வி: எண்ணிக்கை குறைந்தால் மீண்டும் பெருகாதா?

மெதுவாகத்தான். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஒரே ஒரு குட்டி. ஓர் ஆணுக்கு நூறு ஹெக்டேருக்கு மேல் காடு தேவைப்படுகிறது. பெரிய காடு துண்டுபட்டால் இணை கிடைப்பதே கஷ்டம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) பட்டியலில் 'அருகி வரும்' நிலையில் இருக்கிறது.

கேள்வி: மடகாஸ்கர் போகிறோம். எங்கே, எப்படிப் பார்ப்பது?

அன்டோங்கில் விரிகுடாவில் உள்ள நோசி மங்காபே தீவு நல்ல இடம். 1966-ல் ஒன்பது அய்-அய்களைக் கொண்டுவந்து விட்ட தீவு அது. உள்ளூர் வழிகாட்டியோடு இரவில்தான் போக வேண்டும். சிவப்பு வடிகட்டி போட்ட டார்ச் எடுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். நேரில் கிடைக்காவிட்டாலும் பகலில் தடயம் தேடலாம்: மரக்கவையில் இலையும் சுள்ளியும் பின்னிய உருண்டைக் கூடு, பட்டையில் புதிதாகக் குடைந்த துளை, ராமி மரத்தடியில் ஓட்டை போட்ட கொட்டைகள். துளையின் விளிம்பு வெளுப்பாக இருந்தால் அண்மையில்தான் வந்துபோயிருக்கிறது.