பெரிய கம்பெனியை விடுங்கள், பக்கத்துப் பட்டறைக்குப் போங்கள்

கேள்வி: "எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. மாணவர்களுக்கு நிஜமான வேலை அனுபவம் கிடைக்க நிறுவனங்களை எப்படி அணுகுவது? பெரிய கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினால் பதிலே வருவதில்லை."

கோவையில் ஒரு பள்ளியில் இயந்திரவியல் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன், பதினெட்டு வருடமாக. நீங்கள் எழுதிய அதே கடிதங்களை நானும் எழுதியிருக்கிறேன். ஒரு தடவை பதில் வந்தது. அறுபது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் வரிசையாக நடந்தோம், ஒரு ஹாலில் படம் காட்டினார்கள், பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்து அனுப்பினார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பையன் கேட்டான்: "சார், அங்க நாம எதையும் தொடவே இல்லையே?" அன்றோடு பெரிய கம்பெனிகளைத் தேடுவதை விட்டேன்.

நீங்களும் விட்டுவிடுங்கள். பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஐந்தாறு பேர் வேலை செய்யும் பட்டறை ஒன்று இருக்கும். முதலில் நீங்கள் மட்டும் போங்கள். கடிதம் எடுத்துப் போக வேண்டாம். அங்கே என்ன வேலை நடக்கிறது என்று நின்று பாருங்கள். நான் அப்படி மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர் கணபதி பகுதியில் ஒரு லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) பட்டறைக்குப் போய் உட்கார்ந்தேன். மோட்டார் பம்ப்புக்கு ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, கடைந்து கொடுக்கும் இடம். நான்காவது மாதம் உரிமையாளரே கேட்டார், "ஏனுங்க சார், உங்க பசங்க யாராச்சும் இந்தப் பக்கம் வருவாங்களா?" லேத்தில் கடையத் தெரிந்த நல்ல டர்னர் கிடைப்பது இந்த ஊரில் அவ்வளவு கஷ்டமாகிவிட்டது.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளி லேத்தில் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஒன்றைக் கடைந்திருந்தான். வெர்னியர் அளவுகோலில் 24.96 காட்டியது. எங்கள் செய்முறை வகுப்பில் அதற்கு முழு மதிப்பெண். பையனுக்குப் பெருமை. பட்டறைக்கு எடுத்துப் போனான். உரிமையாளர் ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து 25 மில்லிமீட்டர் துளை உள்ள 6205 பேரிங் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "போட்டுப் பாரு கண்ணு." பேரிங் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது, விரலால் தள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை. "இப்படி லூசாப் போச்சுன்னா பேரிங் ஷாஃப்ட் மேலயே நழுவிச் சுத்தும். கொஞ்ச நாள்ல ஷாஃப்ட் தேஞ்சிரும். கெணத்து மேட்டுல மோட்டார் நின்னுச்சுன்னா அந்த விவசாயி யாரைத் திட்டுவாரு?" என்று கேட்டார். பிறகு அவரே கடைந்த ஷாஃப்டை, வெர்னியரைவிட நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரில் அளக்கச் சொன்னார். 25.01. அதில் பேரிங் கையால் ஏறவில்லை, பதமாக அழுத்தித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

வித்தியாசம் 0.05 மில்லிமீட்டர். அதை நான் கரும்பலகையில் எத்தனையோ வருடம் எழுதிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதியும் காட்டினார்கள். அந்த ஒரு பேரிங் செய்த வேலையை என்னால் செய்ய முடியவில்லை. அடுத்த வாரம் அந்தப் பையன் கேட்காமலேயே மைக்ரோமீட்டரை எடுத்து, துணியால் அதன் அளக்கும் முகங்களைத் துடைத்து, சைபர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அளந்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவன் பட்டறையில் இயந்திரம் ஓட்டவில்லை. கடைந்தது பள்ளியில், என் கண் முன்னால். பட்டறையில் அளப்பது, வரைபடம் படிப்பது, சரிபார்ப்பது, பிசிறு எடுப்பது மட்டும். பட்டறைக்காரர்கள் தயங்குவதற்கு முதல் காரணமே சட்டத்தின் மேல் இருக்கும் பயம், அது நியாயமும்கூட. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது, 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. அதனால் தலைமையாசிரியர் கடிதம், பெற்றோர் கையெழுத்து, இவற்றோடு 'பிள்ளை எதைச் செய்வான், எதைத் தொடவே மாட்டான்' என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு பக்கம்தான் எனக்குப் பல கதவுகளைத் திறந்தது. அப்புறம் ஷூ இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். வாங்க முடியாத பிள்ளைக்கு நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு நான் முதல் வருடம் தவறு செய்தேன். லேத் பட்டறையில் கழிப்பறை சரியில்லை என்று அவர்களை அனுப்பாமலே விட்டுவிட்டேன். அது அநியாயம். மறு வருடம் மோட்டார் வைண்டிங் செய்யும் யூனிட் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அங்கே காயில் சுற்றுவது முழுக்கப் பெண்கள். ஒரு அக்கா பக்கத்தில் உட்கார வைத்து, காயில் உட்காரும் ஸ்லாட்டில் இன்சுலேஷன் பேப்பர் வைப்பதிலிருந்து சொல்லிக் கொடுத்தார். சுற்று எண்ணிக்கை தப்பினால் மோட்டார் சூடாகும் என்பதை எங்கள் மின் பொறியியல் பிரிவுப் பெண்கள் அங்கேதான் உணர்ந்து படித்தார்கள்.

எல்லா இடமும் இப்படி அமையாது. ஒரு பட்டறையில் இரண்டு பையன்களைப் பத்து நாள் கூட்டவும் வண்டியில் பாரம் ஏற்றவும் மட்டுமே வைத்தார்கள். பையன்கள் பயந்துகொண்டு என்னிடம் சொல்லவில்லை. நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது வாரம் ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கிறேன். பிள்ளையிடம் ஒரே கேள்விதான்: "இந்த வாரம் என்ன கத்துக்கிட்ட?" பதில் வரத் தடுமாறினால் இடத்தை மாற்றிவிடுவேன்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. 1964-66 கோத்தாரி கல்விக் குழுவே 'வேலை அனுபவம்' பள்ளிப் படிப்பின் பகுதியாக வேண்டும் என்றது. 1978-ல் நம் மாநிலத்தில் மேல்நிலை வகுப்பு வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்து வந்தது. பிறகு பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்ற இடம் நிரப்பப்படாமல் பிரிவே மூடப்பட்டது. உங்கள் பள்ளியில் இன்னும் இருக்கிறது என்கிறீர்கள். தயவுசெய்து அதைக் காப்பாற்றுங்கள்.

தனியாக அலைய முடியாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள், எங்கள் ஊர் கொடிசியா மாதிரி உங்கள் ஊரிலும் சிறுதொழில் சங்கம் இருந்தால் அங்கேயும் கேளுங்கள். சங்கம் முகவரிதான் கொடுக்கும், நேரில் போய் உட்காருவது உங்கள் வேலை. முதல் வருடம் நான்கு பிள்ளைகள் போதும். ஜூனிலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் பட்டறைகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, டிசம்பருக்குப் பிறகு நமக்குச் செய்முறைத் தேர்வு வந்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் சனிக்கிழமைகளாகப் பார்த்து வைத்துக்கொண்டால் சரியாக வரும்.