தாய்லாந்தில் கோ-கார்ட்டிங்: எங்கே, எப்போது, எந்த வண்டி? – கேள்வி பதில்

தாய்லாந்து வரும்போது கோ-கார்ட் (தரையோடு ஒட்டின சின்னப் பந்தய வண்டி) ஓட்ட எங்கே போகலாம் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். பாங்காக்கில் வேலை பார்க்கிறேன். லீவு கிடைத்தால் இந்த டிராக்குகளில் ஏதாவது ஒன்றில்தான் இருப்பேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கட்டணமும் திறக்கும் நேரமும் அடிக்கடி மாறும், அதனால் கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, நண்பர்கள் நாலு பேர் வர்றோம். பாங்காக் ரெண்டு நாள், பட்டாயா மூணு நாள். ஒரே ஒரு இடம்தான் போக முடியும். எது?

பட்டாயா. யோசிக்கவே வேண்டாம். அங்கே இரண்டு தேர்வு இருக்கு. ஒன்று ஜோம்தியன் பக்கம், தெப்பிரசித் ரோட்டில் இருக்கும் பட்டாயா கார்ட் ஸ்பீட்வே. ஊருக்குள்ளேயே இருப்பதால் கடற்கரையிலிருந்து சீக்கிரம் போய்விடலாம். முதல் தடவை ஓட்டுகிறவர்களுக்கு இது போதும்.

இன்னொன்று பிரா சர்க்யூட். ரயோங் போகும் 36-ஆம் எண் நெடுஞ்சாலையில், ஊருக்கு வெளியே. 2.41 கிலோமீட்டர் நீளமுள்ள நிஜமான கார் பந்தய டிராக் அது. அதே வளாகத்தில் கார்ட்டுக்குத் தனி டிராக் போட்டிருக்கிறார்கள். பக்கத்து டிராக்கில் பந்தயக் கார்கள் பயிற்சி எடுக்கிற நாளாக இருந்தால், உங்கள் முறை வரும்வரை வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்க்கலாம், அதற்குக் காசில்லை. நாலு பேரில் ஒருத்தருக்காவது மோட்டார் பந்தயப் பைத்தியம் இருந்தால் பிராவுக்கே போங்கள். ஆனால் போட்டி நடக்கும் வார இறுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கு இடம் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டாயாவில் பாட் பஸ் என்று சொல்கிற பொது பிக்-அப் வண்டி அங்கே போகாது. கிராப், போல்ட் மாதிரி ஆப் டாக்சியில் போனால் திரும்பி வரவும் சேர்த்துப் பேசி, வண்டியை நிறுத்திவையுங்கள். சாயங்காலம் அந்த நெடுஞ்சாலையில் நின்று வண்டி தேடுவது சுகமான வேலை இல்லை.

கேள்வி: அந்த "பிரா" யார்?

இளவரசர் பிரபோங்சே பானுதேஜ். சுருக்கமாக பிரா. தாய்லாந்து மன்னர் மோங்குட்டின் பேரன், 1914-இல் பிறந்தவர். இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர் அங்கே பந்தயக்காரராகிவிட்டார். 'ரோமுலஸ்' என்று பெயரிட்ட ஈஆர்ஏ (ஆங்கிலேயக் கம்பெனி) பந்தயக் காரில் 1936-இல் மொனாக்கோவில் ஜெயித்திருக்கிறார். ஃபார்முலா 1 உலகக் கோப்பை தொடங்கிய 1950-லிருந்து 1954 வரை அதிலும் ஓட்டினார். அவருக்குப் பிறகு தாய்லாந்துக் கொடியோடு இன்னொருவர் ஃபார்முலா 1-க்கு வர 2019 ஆகிவிட்டது. அவர்தான் அலெக்ஸ் ஆல்பன், அவரும் கார்ட்டில் ஆரம்பித்தவர்தான்.

கேள்வி: நாங்க ஃபுக்கெட் மட்டும்தான் போறோம். பதோங் பீச்சில் ரூம்.

பதோங் கோ-கார்ட் ஸ்பீட்வே. பெயர்தான் பதோங், இருப்பது மலையைத் தாண்டி கத்து என்ற ஊர்ப் பக்கத்தில். பதோங்கிலிருந்து மேடேறி இறங்கினால் வந்துவிடும். டுக்-டுக்காரர்கள் சொல்கிற விலையைக் கேட்டால் மயக்கம் வரும், ஆப்பில் புக் பண்ணுங்கள். வாடகை ஸ்கூட்டரில் அந்த மலை ரோட்டைத் தாண்டலாம் என்று நினைக்காதீர்கள். இறக்கமும் வளைவும் சேர்ந்த ரோடு, மழை பெய்தால் வழுக்கும். கார்ட் டிராக்கைவிட ஆபத்து அங்கேதான் இருக்கு.

இருட்டின பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஓட்டலாம் என்பது இந்த இடத்தின் விசேஷம். பகல் முழுக்கக் கடற்கரையில் கிடந்துவிட்டு ஏழு மணிக்கு மேல் போனால் தாரும் சூடு இறங்கியிருக்கும், நாமும் கொஞ்சம் தெம்பாக இருப்போம்.

கேள்வி: பாங்காக்கை விட்டு நகர முடியாது, ஆபீஸ் டிரிப். ஒரு சாயங்காலம் மட்டும் ஃப்ரீ.

பாங்காக்கை ஒட்டின முவாங் தோங் தானி பகுதியில் இம்பாக்ட் ஸ்பீட் பார்க். இம்பாக்ட் கண்காட்சி அரங்கம் இருக்கும் அதே வளாகம். பிங்க் லைன் மோனோரயிலின் கிளைப்பாதை இப்போது அந்த வளாகம்வரை போகிறது, டிராஃபிக்கில் மாட்ட வேண்டாம். அரங்கத்தில் பெரிய கச்சேரி எதுவும் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

பழைய பயணக் கட்டுரைகளில் பாங்காக் டிராக்குகள் என்று நீளமான பட்டியல் வரும். அதில் மூடிப்போனதும் இடம் மாறினதும் கலந்திருக்கும். கூகுள் மேப்பில் கடைசி விமர்சனம் எந்த மாதம் போட்டது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: கவுண்டரில் மூணு விதமான வண்டி, மூணு விலை போட்டிருப்பாங்களாமே. எதை எடுக்கிறது?

விலை வித்தியாசம் பெரும்பாலும் இன்ஜினுக்குத்தான். வாடகைக் கார்ட்டுகளில் அதிகம் பார்ப்பது ஹோண்டாவின் ஜிஎக்ஸ் வரிசை. தண்ணீர் பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் போடுகிற அதே இன்ஜின். ஜிஎக்ஸ்200 என்றால் ஏறக்குறைய 6 குதிரைத்திறன், 270 என்றால் 9-ஐ ஒட்டி, 390 என்றால் 12-க்குப் பக்கம். படிக்கும்போது சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் நீங்கள் உட்கார்ந்திருப்பது தரையிலிருந்து சில விரற்கடை உயரத்தில். மணிக்கு 60 கிலோமீட்டரே கண்ணுக்கு நூறுக்கு மேல் தெரியும்.

என் யோசனை: முதல் பத்து நிமிடம் நடு ரக வண்டி. டிராக் மனசில் பதிந்த பிறகு, ஆசையிருந்தால் இரண்டாவது தடவை பெரிய இன்ஜின். முதலிலேயே பெரியதை எடுத்தவர்கள் பாதி நேரம் புல்தரையில்தான் இருப்பார்கள். பத்து நிமிடத்துக்குச் சில நூறு பாட் (தாய்லாந்து நாணயம்) என்று தொடங்கி, வண்டியைப் பொறுத்து ஆயிரத்தை நெருங்கும். இரண்டு மூன்று தடவைக்குச் சேர்த்து எடுத்தால் குறைப்பார்கள், கேட்டுப் பாருங்கள். டூ-ஸ்ட்ரோக் ரேஸிங் கார்ட் தருகிறேன் என்று யாராவது சொன்னால், முன்பே பழக்கம் இருந்தால் மட்டும் தொடுங்கள். பெரியவர்களுக்கான 125 சிசி ரோட்டாக்ஸ் இன்ஜின் எல்லாம் 30 குதிரைத்திறனை ஒட்டி வரும் சரக்கு.

கேள்வி: மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் ஓட்ட ஆசைப்படுகிறார்கள். சுடிதார் போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

சார், இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. துப்பட்டா, சேலை, தொங்குகிற ஷால், எதுவும் கூடாது. ஜீன்ஸ் அல்லது டிராக் பேன்ட், உடம்போடு ஒட்டின டி-ஷர்ட், மூடின ஷூ.

அதைவிட முக்கியம் தலைமுடி. கார்ட்டில் சீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தண்டு குறுக்கே ஓடும், அதுதான் பின் ஆக்ஸில். வண்டி ஓடும்போது அது நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை சுற்றும். பக்கத்திலேயே செயின். பல வண்டிகளில் இதையெல்லாம் முழுசாக மூடியிருக்க மாட்டார்கள். ஹெல்மெட்டுக்குக் கீழே பின்னல் தொங்கினால், காற்றில் பின்னால் போய் ஆக்ஸிலில் ஒரு சுற்று சிக்கினால் போதும், கையை எடுத்துப் பிடிக்க நேரமே இருக்காது. நம்ம நாட்டிலேயே 2018-இல் பிஞ்சோரிலும் 2020-இல் ஹைதராபாத்திலும் இப்படி முடி சிக்கிப் பெண்கள் இறந்திருக்கிறார்கள்.

அதனால், பின்னலைக் கொண்டையாகச் சுருட்டி, மேலே தலையை முழுக்க மூடும் துணி முகமூடி போட்டு, அதற்கு மேல் ஹெல்மெட். கொண்டை பெரிதாக இருந்து ஹெல்மெட் உட்காரவில்லை என்றால், பின்னலைச் சட்டைக்குள் விட்டு, மேலே ஜாக்கெட் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிடுங்கள். ஊழியர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். கிளம்புவதற்கு முன் நீங்களே பின்னால் போய் நின்று ஒருமுறை பாருங்கள். முடி வெளியே தெரிகிறபோதும் "பரவாயில்லை, போங்க" என்று கொடி அசைக்கிற டிராக்கில் பணம் கட்டியிருந்தாலும் இறங்கிவிடுங்கள்.

கேள்வி: பையனுக்கு ஒன்பது வயசு. விடுவாங்களா?

வயசைவிட உயரத்தைத்தான் பார்ப்பார்கள். கால் பெடலுக்கு எட்ட வேண்டும் இல்லையா? பெரியவர்கள் வண்டிக்குப் பொதுவாக 140–150 சென்டிமீட்டர் கேட்பார்கள். எட்டாதவர்களுக்குச் சில இடங்களில் வேகம் குறைத்த சின்ன வண்டி அல்லது பெரியவர் பக்கத்தில் உட்காரும் இரட்டை சீட் வண்டி உண்டு. பையனின் உயரத்தைச் சொல்லிப் போனிலேயே கேட்டுவிடுங்கள். கவுண்டர் வரை வந்து திருப்பி அனுப்பினால் அழுகையைச் சமாளிப்பது உங்கள் பாடு.

கேள்வி: எனக்கு டிஸ்க் பிரச்சினை இருக்கு. மெதுவா ஓட்டினா பரவாயில்லையா?

வேண்டாம் அக்கா. கார்ட்டில் சஸ்பென்ஷனே கிடையாது. மேடு பள்ளம் எல்லாம் நேராக இடுப்புக்கு வரும். நீங்கள் மெதுவாகப் போனாலும் பின்னால் வருகிறவர் இடிக்க மாட்டார் என்று சொல்ல முடியாது. கர்ப்பிணிகளுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: பெங்களூரில் ஓட்டியிருக்கேன். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சுத்திடுது. என்ன தப்பு பண்றேன்?

வளைவுக்குள் போய் பிரேக் அடிக்கிறீர்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் காரணம் இதுதான்.

காரில் டிஃபரன்ஷியல் இருப்பதால் திரும்பும்போது உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றலாம். கார்ட்டில் அது இல்லை. இரண்டு பின் சக்கரமும் ஒரே தண்டில் இறுக்கியிருக்கும். அதனால் திரும்பும்போது உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பினால்தான் வண்டி வளையும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அது தானாக எழும்புகிற மாதிரிதான் முன் சக்கரங்களை அமைத்திருப்பார்கள். பிரேக்கும் வாடகை வண்டிகளில் பெரும்பாலும் பின் ஆக்ஸிலுக்கு மட்டும்தான். பாதி திரும்பின நிலையில் அதை அழுத்தினால் பின்பக்கம் பிடி விட்டுவிடும், வண்டி சுற்றும்.

ஆகவே நேராக இருக்கும்போதே ஓங்கி பிரேக் அடித்து முடித்துவிடுங்கள். பிறகு பிரேக்கை விட்டு, ஒரே வீச்சில் திருப்புங்கள். ஸ்டீயரிங்கை நேராக்க ஆரம்பிக்கும்போது ஆக்ஸிலரேட்டர். இடது கால் பிரேக்குக்கு, வலது கால் ஆக்ஸிலரேட்டருக்கு. இரண்டையும் சேர்த்து மிதிக்காதீர்கள், கிளட்ச் கருகும். டயர் கிறீச்சிட்டுப் பக்கவாட்டில் சறுக்குவது வீடியோவில் அழகாக இருக்கும், ஆனால் லேப் டைம் (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்) ஏறும். பெரிய நேர்ப்பாதைக்கு முன்னால் வரும் வளைவை மட்டும் ஒழுங்காக எடுத்தாலே நண்பர்களை முந்திவிடலாம்.

கேள்வி: ஆகஸ்ட்டில் வர்றோம். மழை பெய்தா காசு போச்சா?

ஃபுக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். பட்டாயா பக்கம் செப்டம்பர், அக்டோபரில்தான் கனத்த மழை, ஆகஸ்ட்டில் ஓரளவு தப்பிக்கலாம். பெய்தாலும் நாள் முழுக்கக் கொட்டுவது அபூர்வம். பணம் கட்டும் முன், "மழை வந்தால் திருப்பித் தருவீர்களா, வேறு நேரம் மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஈர டிராக்கில் ஓட்ட விட்டால் ஒரு விஷயம்: வழக்கமாக எல்லோரும் போகிற கோட்டில் ரப்பர் படிந்திருக்கும், நனைந்தால் அதுதான் அதிகம் வழுக்கும். கொஞ்சம் வெளியே தள்ளி ஓட்டுங்கள்.

வெயிலுக்குப் பயப்படுகிறவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வாருங்கள். ஏப்ரல் மதியத்தில் ஹெல்மெட் போடுவது தண்டனை.

கேள்வி: லைசென்ஸ் வேணுமா? இன்சூரன்ஸ்?

லைசென்ஸ் வேண்டாம். இன்சூரன்ஸ்தான் சிக்கல். பயணக் காப்பீட்டில் பல நிறுவனங்கள் மோட்டார் பந்தயத்தை விலக்கிவைத்திருக்கும். பாலிசியில் விலக்குகள் என்ற பகுதியைப் படியுங்கள். டிராக்கில் கையெழுத்து வாங்கும் தாளில், வண்டி சேதமானால் யார் பொறுப்பு என்ற வரியையும் பாருங்கள். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும். முந்தின ராத்திரி குடித்தது இறங்காமல் போய் நிற்காதீர்கள். பட்டாயாவில் இதைச் சொல்லியே ஆகவேண்டியிருக்கு.

கேள்வி: மோட்டோஜிபி பார்க்க புரிராம் போறேன். அங்கேயும் கார்ட் இருக்காமே?

இருக்கு. மோட்டோஜிபி பைக் பந்தயம் நடக்கிற, 2014-இல் திறந்த சாங் சர்க்யூட்டின் வளாகத்திலேயே கார்ட் டிராக்கும் உண்டு. ஆனால் மோட்டோஜிபி வாரத்தில் அந்த ஊரே திருவிழா, கார்ட் ஓட்டுவதை மறந்துவிடுங்கள். மற்ற நாளில் அதற்காக மட்டும் பாங்காக்கிலிருந்து 400 கிலோமீட்டர் போவது அதிகம்.

கேள்வி: சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிற மிகா கார்ட் டிராக்கில் அடிக்கடி ஓட்டுறேன். தாய்லாந்தில் இதுக்குன்னு செலவு பண்ணணுமா?

மிகாவில் பழகினவருக்கு ஊருக்குள் இருக்கும் சுற்றுலா டிராக்குகள் சப்பென்று இருக்கும். போனால் பிராவுக்குப் போங்கள், வார நாளில், திறந்தவுடன். கூட்டம் இருக்காது, முன்னால் தடுமாறுகிறவர்களுக்குப் பின்னால் மாட்ட மாட்டீர்கள். சொந்த ஹெல்மெட்டும் கையுறையும், முடிந்தால் விலா எலும்புக்குப் போடும் பாதுகாப்புக் கவசமும் எடுத்துவாருங்கள். வாடகை சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவான அளவு. ஒல்லியாக இருந்தால் இரண்டாவது சுற்றிலேயே விலா வலிக்க ஆரம்பிக்கும்.