வீட்டில் கிடக்கும் பழைய பொருள்களை வைத்தே விண்வெளி வீரர் கவசம், லேசர் துப்பாக்கி எல்லாம் செய்ய முடியுமா? பார்க்க அட்டைப்பெட்டி மாதிரி இருக்காதா?

முடியும். 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கத்தில், ரசிகர்கள் கதாபாத்திர வேஷம் போட்டு வரும் காமிக் கான் விழா நடந்தபோது என் அக்கா மகளுக்காக நெஞ்சுக்கவசம், தோள்பட்டை, மணிக்கட்டுக் காப்பு, ஒரு துப்பாக்கி என்று முழு செட்டும் செய்தேன். விலை கொடுத்து வாங்கியது பசை, பெயிண்ட் இரண்டும்தான். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பக்கத்து வீட்டில் இரவல்.

கவசத்துக்கு அட்டையை விட நல்லது, குழந்தைகள் தவழ்வதற்குத் தரையில் கோர்த்துப் போடும் ஃபோம் மேட். அது ஈவா என்கிற ஃபோம். சூடு காட்டினால் வளையும், ஆறினால் அப்படியே நிற்கும். வழவழப்பான பக்கம் வெளியே வரட்டும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மேலே ஓட்டிக்கொண்டே இருங்கள். மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும்போது எடுத்து, முழங்காலில் வைத்து வளைத்து, ஆறும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை ஒன்று உண்டு: பிளேடால் மேலாக ஒரு கோடு கீறிவிட்டுச் சூடு காட்டினால் அந்தக் கீறல் தானாக வாய் திறக்கும். இரண்டு உலோகத் தகடுகள் சேரும் இடம் போலவே இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பிவிசி குழாயை மட்டும் வீட்டுக்குள் சூடாக்கவே வேண்டாம், அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல்.

அளவெடுக்கும் வேலையில் அவசரப்படாதீர்கள். பழைய டி-ஷர்ட்டுக்கு மேல் கிளிங் ஃபிலிம் (சாப்பாட்டை மூடிவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கவசத்தின் கோடுகளை உடம்பின் மேலேயே வரையுங்கள். பிறகு வெட்டிப் பிரித்து, தாளில் படி எடுங்கள். முதல் தோள்பட்டையை நான் கண்ணளவில் வெட்டினேன். மாட்டிப் பார்த்தவள், "சித்தி, கையத் தூக்கவே முடியல" என்றாள். முழுக்க மறுபடி செய்தேன். பட்டைக்கு எலாஸ்டிக்கும், பழைய ஸ்கூல் பையிலிருந்து கழற்றிய பக்கிளும் போதும்.

ஒட்டுவதற்கு, செருப்பு தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசைதான் சரி. இரண்டு பக்கமும் தடவி, பத்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். ஒட்டியபின் நகர்த்த முடியாது.

துப்பாக்கிக்குக் காயலான் கடைதான் சுரங்கம். 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் நாயகன் லூக்கின் ஒளிவாளும் இப்படிப் பிறந்ததுதான். அந்தப் படத்தின் செட் அலங்காரக் கலைஞர் ரோஜர் கிறிஸ்டியன், பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் பழைய கேமராவின் ஃப்ளாஷ் கைப்பிடியை எடுத்து, ரப்பர் பட்டைகளை ஒட்டி அதைச் செய்தார். செட்டுகளுக்குள்ளும் விமான உதிரிகளைத்தான் நிரப்பினார்கள். நான் எடுத்தது ஒரு பழைய ஹேர் டிரையர், இரண்டு ஊசி சிரிஞ்சு, பேஸ்ட் மூடிகள், கீபோர்டு பொத்தான்கள்.

ஒட்டி முடித்ததும் பார்த்தால் மனசு விட்டுப்போகும். ஹேர் டிரையர் ஹேர் டிரையராகத்தான் தெரியும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். ஃபோமின் மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகால் மூன்று கோட் கொடுத்து, காய்ந்ததும் எல்லாவற்றுக்கும் பளபளப்பில்லாத ஒரே கறுப்பு அடியுங்கள். நிறம் ஒன்றானதும் எது மூடி, எது சிரிஞ்சு என்று கண் பிரித்துப் பார்க்காது. அப்புறம் பிரஷ்ஷில் வெள்ளி பெயிண்டைத் தொட்டு, காகிதத்தில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஓரங்களில் மட்டும் உரசுங்கள். பல வருடம் அடிபட்ட இரும்பு மாதிரி ஆகிவிடும். தெர்மாகோல் இருந்தால் நேராக ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ஸ்ப்ரேயிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஒரு ஹெல்மெட்டின் நெற்றியே எனக்குக் குழியாகிப் போனது. முதலில் செய்தித்தாளை ஃபெவிகாலில் நனைத்து மேலே ஒட்டிவிடுங்கள்.

முதல் முயற்சியாக ஒரு மணிக்கட்டுக் காப்பு மட்டும் செய்து பாருங்கள். ஒரு சதுர மேட் போதும். வடிவம் சரியாக வந்துவிட்டால், அதே தாளைத் திருப்பிப் போட்டு மறு கைக்கு வரைந்துகொள்ளலாம்.