ஸ்கிரீன் துணி: ஆறு மீட்டரா, ஏழு மீட்டரா?

கேள்வி: புது வீட்டுப் பட்டாசல் (ஹால்) ஜன்னல் ஐந்தடி அகலம், நாலரை அடி உயரம். ரிங் வைத்த ஸ்கிரீன் இரண்டு பக்கமும் தொங்க வேண்டும். தையல்காரர் ஆறு மீட்டர் போதும் என்றார். டவுன் துணிக்கடையில் ஏழு மீட்டர் இல்லாமல் பத்தாது என்கிறார்கள். ஒரு மீட்டரைத் தலையில் கட்டப் பார்க்கிறார்களா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: துணியில் பூ இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லையே, அம்மா! பெரிய பூவாகத்தான் இருக்கும். பாளையங்கோட்டையில் முப்பது வருஷமாக மிஷின் மிதிக்கிறேன். ஒரு மீட்டர் தகராறு என்றாலே எனக்குப் பூ மேல்தான் சந்தேகம்.

முதலில் தையல்காரர் கணக்கு. ஜன்னலை மறந்துவிட்டுக் கம்பியை அளக்க வேண்டும். ஐந்தடி ஜன்னலுக்குப் பக்கத்துக்கு ஆறு இஞ்ச் நீட்டிக் கம்பி போட்டால் 72 இஞ்ச். கொசுவம் அழகாக விழ அதைப்போல இரண்டு மடங்கு துணி வேண்டும், 144. கடையில் பெரும்பாலும் கிடைப்பது 48 இஞ்ச் பன்னா, அதாவது துணியின் அகலம். ஆக, மூன்று துண்டு. நடுத்துண்டை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதியாக ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுப் போட்ட பாதி சுவரோரமாகப் போகட்டும். ஜன்னலின் நடுவில் வந்தால் வெயில் அடிக்கும்போது தையல் கோடு அப்படியே தெரியும்.

உயரம்: ஜன்னல் 54. கம்பி அதற்கு மேலே 4, ஜன்னலுக்குக் கீழே இறங்குவது 6, ரிங்குக்காகக் கம்பிக்கு மேலே நிற்பது 2. மொத்தம் 66. மேல்மடிப்புக்கு 4, அடிமடிப்புக்கு 6 சேர்த்தால் ஒரு துண்டு 76 இஞ்ச். அடிமடிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று மூன்று இஞ்சாக இரட்டையாக மடித்தால்தான் கனம் நிற்கும். ஆனி, ஆடி மேல்காற்றில் உங்கள் ஊரில் லேசான ஸ்கிரீன் கொடியில் காயும் துண்டு மாதிரி பறக்கும்.

மூன்று துண்டுக்கு 228 இஞ்ச், அதாவது 5.8 மீட்டர். ஆறு வாங்கலாம். தையல்காரர் சொன்னது சரி, துணி வெறுமையாக இருந்தால்.

பூப்போட்ட துணியில் ஒரே பூ திரும்ப வரும் தூரத்தை அளந்து பாருங்கள். 24 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் துண்டும் ஒரே பூவில் ஆரம்பித்தால்தான் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது பூ ஒரே வரிசையில் நிற்கும். 76 என்பது மூன்று பூவுக்கு மேலே, நாலு பூவுக்குக் கீழே. அதனால் முதல் இரண்டு துண்டும் 96 இஞ்ச் தின்னும். கடைசித் துண்டுக்கு மட்டும் 76 போதும். மொத்தம் 268 இஞ்ச், 6.8 மீட்டர். கடைக்காரரும் பொய் சொல்லவில்லை!

காட்டன் என்றால் இன்னும் கால் மீட்டர் சேர்த்து வாங்கி, நனைத்துக் காயப் போட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்கள். நூறு இஞ்சுக்கு மூன்றிலிருந்து ஐந்து இஞ்ச் வரை சுருங்கும். தொழில் பழகிய புதிதில் என் அக்கா வீட்டு வாசல் ஸ்கிரீனை நனைக்காமல் தைத்தேன். முதல் சலவையிலேயே, ஆற்றில் இறங்குகிறவள் சேலையைத் தூக்கிச் செருகினது போல நின்றது. அக்கா இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

ரிங் ஒரு ஸ்கிரீனுக்குப் பன்னிரண்டு போடுங்கள். இரட்டைப்படையில் இருந்தால்தான் இரண்டு ஓரமும் சுவரைப் பார்த்துத் திரும்பும்.

கேள்வி: பழைய காட்டன் சேலையை அடுக்களை ஜன்னலுக்குத் தைக்கலாமா?
- வாசகி, வீரவநல்லூர்

பதில்: தாராளமாக. சேலையைக் குறுக்கே போடுங்கள். 45 இஞ்ச் அகலம் உயரமாகிவிடும், ஒரு கரை அடியில் வந்து உட்காரும், அடிமடிப்பே வேண்டாம். மேலே நாலு இஞ்ச் மடித்தாலும் 41 இருக்கிறது, மூன்றடி ஜன்னலை மூடிவிடும். அகலத்துக்கு எங்கும் ஒட்டுப் போட வேண்டியதில்லை. ஐந்தரை மீட்டர் சேலையில் இப்படி இரண்டு ஜன்னல் முடியும். அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற ஜன்னல் என்றால் மட்டும் ஸ்கிரீனே வேண்டாம்.