சாலையைக் கடக்கும் பெட்டி ஆமை

கே: மகள் வீடு அமெரிக்காவில், வட கரோலினாவில். மழை விட்டதும் மேடான ஓட்டில் மஞ்சள் கோடு போட்ட ஓர் ஆமை சாலையைக் கடக்கிறது. பிடித்துப் பூங்காக் குளத்தில் விடலாமா?

ப: வேண்டவே வேண்டாம். அது கிழக்குப் பெட்டி ஆமை. காட்டுத் தரையில் வாழ்வது, நீச்சல் அவ்வளவாக வராது. வண்டி வராதபோது இரு கைகளாலும் ஓட்டின் பக்கவாட்டைப் பிடித்து, தரையை ஒட்டியே தூக்கி, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்க ஓரத்தில் விடுங்கள். வந்த பக்கமே விட்டால் மறுபடி சாலையில் இறங்கும்.

வேறு இடத்துக்குக் கொண்டுபோவதுதான் பெரிய கேடு. மேரிலாந்து மாநிலத்தில் பாட்டக்சென்ட் காட்டுயிர் ஆய்வு மையத்தில் விலங்கியலாளர் லூசில் ஸ்டிக்கல் 1944இல் தொடங்கிய ஆய்வில், வளர்ந்த ஆமை ஒவ்வொன்றும் சுமார் 100 மீட்டர் குறுக்களவுள்ள பரப்பிலேயே காலம் தள்ளுவது தெரிந்தது. காளான், பழம், குளிர்காலத்தில் புதைய இடம் எல்லாம் அதற்கு அங்கே பழக்கம். இடம் மாறிய ஆமை பழைய இடத்தைத் தேடி அலைந்து, வழியில் இன்னும் பல சாலைகளைக் கடக்கும். முட்டையிடும் பருவம் வரவே ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். ஒரு ஈட்டில் மூன்று முதல் ஆறு முட்டைதான், அதிலும் பெரும்பாலானவை ரக்கூன் (முட்டை தின்னும் ஒரு சிறு காட்டு விலங்கு) போன்றவற்றின் வாயில் போய்விடும். பல பத்தாண்டுகள் வாழ்ந்து முட்டையிட்டால்தான் அதன் இடத்தை நிரப்ப ஒரு குட்டி தேறும். அதனால்தான் வளர்ந்த பெண் ஆமை ஒன்று சாலையில் நசுங்குவது அத்தனை பெரிய இழப்பு. வீட்டில் வளர்க்கப் பிடித்துப் போவதும் அதே இழப்புதான்.

கே: ஆணா பெண்ணா என்று எப்படித் தெரியும்?

ப: ஆணுக்குப் பெரும்பாலும் கண் சிவப்பு, வயிற்று ஓட்டின் பின்பாதி குழிந்திருக்கும். பெண்ணுக்குக் கண் பழுப்பு, வயிற்று ஓடு தட்டை.

கே: தோட்டத்தில் குழி தோண்டி முட்டையிட்டிருக்கிறது. என்ன செய்யலாம்?

ப: முட்டையைத் தொடாதீர்கள். ஓரிரு நாளில் கரு முட்டை ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். பிறகு புரட்டினால் செத்துவிடும். மேலே கம்பிவலைக் கூண்டு கவிழ்த்து, ரக்கூன் இழுக்காதபடி ஓரங்களை மண்ணில் ஆழப் புதையுங்கள். குட்டி மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். அது வெளியேற, தரைமட்டத்தில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் சிறு வழி விடுங்கள். மண்ணின் சூட்டைப் பொறுத்து 70 முதல் 90 நாளில் பொரிக்கும். கூண்டுக்கு மேல் நிழல் போட வேண்டாம்: குளிர்ந்த மண்ணில் ஆணும் சூடான மண்ணில் பெண்ணும் பிறக்கும், நிழல் அந்தக் கணக்கை மாற்றிவிடும். வயிற்று ஓட்டை மடித்து மூட உதவும் கீல் குட்டிக்கு வேலை செய்யச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை குட்டியால் பெட்டிபோல் மூடிக்கொள்ள முடியாது. எனவே புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுமுன் புல்தரையை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.