கடன் வாங்கி ஆன்லைன் கோர்ஸில் சேர்க்க வேண்டாம்

ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்? ஆன்லைனில் ஃபுல் ஸ்டாக் என்ற மென்பொருள் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள்" என்று மைத்துனர் நெருக்குகிறார். கட்டணம் ஒன்றேமுக்கால் லட்சம், இஎம்ஐயில் கட்டலாம், வேலைக்கு உத்தரவாதம் உண்டு என்கிறார்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் இந்த வாரமே கையெழுத்துக் கேட்கிறார்களே, அதனால் நேராகவே சொல்கிறேன். போடாதீர்கள்.

இப்படிப்பட்ட இஎம்ஐ பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன்தான். பணம் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடும். பிள்ளை இரண்டாம் மாதமே நிறுத்திவிட்டாலும் தவணை உங்களை விடாது. 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே ஆன்லைன் கல்வி நிறுவனங்கள் விஷயத்தில் எச்சரிக்கை வெளியிட்டது. கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்க அனுமதி கொடுப்பதைத் தவிர்க்கச் சொன்னது.

பணத்தைவிடப் பெரிய விஷயம், அவளுக்கு இதில் விருப்பமில்லை. விடுமுறையில்கூடச் செடிகளைப் பறித்து, உலர்த்தி, பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வகுப்பறையில் கவனம் சிதறினால் ஆசிரியர் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். ஆன்லைனில் பிள்ளையை உட்கார வைப்பது ஆர்வம் மட்டுமே. அமெரிக்காவின் ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் நடத்திய பாடங்களில் 2017-18இல் சேர்ந்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேர்தான் முடித்தார்கள். காசு கட்டிச் சான்றிதழுக்காகச் சேர்ந்தவர்களிலும் பாதிப் பேர் முடிக்கவில்லை. பணம் கட்டிவிட்டால் படித்துவிடுவாள் என்று மைத்துனர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

எம்.எஸ்சி., பி.எட்., போட்டித் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரியும். யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் திட்டம். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. இன்று மத்திய அரசின் ஆன்லைன் கல்வித் தளமான ஸ்வயத்தில் இருக்கிறது. சேர்வதற்கும் பாடம் கேட்பதற்கும் ஒரு பைசா கிடையாது. ஜனவரியிலும் ஜூலையிலும் பாடங்கள் தொடங்கும். 4, 8, 12 வாரம் என்று அளவு. உயிர்ப்புள்ளியியல், உயிரித் தகவலியல் போன்றவை அங்கே நடந்திருக்கின்றன. தாவரவியலோடு கணினியும் கணக்கும் கலக்கிற துறைகள் இவை. கணினி தெரிய வேண்டும் என்ற உங்கள் ஆசையும் இதில் அடங்கிவிடும்.

வாரந்தோறும் அசைன்மென்ட் உண்டு. அதற்கு 25 மதிப்பெண். கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. தேர்வு எழுதுவது அவரவர் விருப்பம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். பட்டியலினத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சலுகை உண்டு. ஆங்கிலம் தடையாக இருந்தால், சில பாடங்களின் உரை தமிழிலும் கிடைக்கிறது. 12 வாரப் பாடத்தைக் கல்லூரி ஏற்றுக்கொண்டால் பட்டத்திலேயே 3 கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கிடும் பாடப் புள்ளிகள், சேரும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி இதற்கு இடம் கொடுக்கிறது, ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்பது வேறு. சேரும் முன் துறைத் தலைவரிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடம் போதும். ஆசைப்பட்டு மூன்றில் சேர்ந்து மூன்றையும் விடுகிற பிள்ளைகள்தான் அதிகம். வீடியோவைச் சினிமா மாதிரி ஓடவிட்டால் எதுவும் தங்காது. பத்து நிமிடம் கேட்டதும் நிறுத்தி, நோட்டை மூடி, நினைவில் இருப்பதை எழுதிப் பார்க்க வேண்டும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் செய்த சோதனையில், திரும்பப் படித்தவர்களைவிட நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். புரிந்துவிட்டது என்ற எண்ணம் அப்படித்தான் ஏமாற்றும்.

அவளுடைய ஆசிரியர் ஒருவரிடம் வாரம் இருபது நிமிடம் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே பாடத்தில் சேர்ந்த மூன்று நான்கு பேரை உட்கார வைத்து, எங்கே தடுக்கியது என்று கேட்டாலே போதும்.

அப்புறம் உங்கள் பங்கு. மாலையில் ஒரு மணி நேரம் அவளுக்கென்று விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் கடைக்கு அனுப்பக் கூடாது, சமையலறைக்குக் கூப்பிடக் கூடாது. பின்னால் நின்று திரையை எட்டிப் பார்க்கவும் வேண்டாம். "இந்த வார அசைன்மென்ட் அனுப்பியாச்சாம்மா?" என்று வாரம் ஒரு தடவை கேட்டால் போதும்.

அந்தப் பயிற்சி நிறுவனத்துக்கு வேண்டாம் என்று இன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். போனில் சொன்னால் பதிவு இருக்காது. ஆதார், பான் நகல் ஏற்கெனவே கொடுத்திருந்தால், உங்கள் பெயரில் கடன் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் கடன் விவரங்கள் அடங்கிய கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை அது இலவசம்.